மார்கழி குளிரவில்லை, மல்லிகை துளிர்த்துவிட்டது: இப்போது கவாத்து செய்யலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "இந்த மார்கழியில் போர்வையே தேவைப்படவில்லை. என் மாமியார் பொங்கல் முடிந்த மறுவாரம் தோட்டத்துச் செடிகளை எல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடுவார். இந்த முறை தை பத்துக்கே மல்லிகை துளிர்த்து அங்கங்கே மொட்டும் வைத்துவிட்டது. ரோஜாவில் பாதிக் குச்சி கறுத்துக் கிடக்கிறது. வெட்டினால் மொட்டு போய்விடும், வெட்டாவிட்டால் கோடையில் பூ குறையும். யூடியூபில் பார்த்தால் பனி முழுவதும் போகட்டும், அதுவரை கத்தியை எடுக்காதே என்கிறார்கள். என்ன செய்வது?"

கேள்வி கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதை, பற்றியது போலத் தெரிந்தாலும், அவர் கேட்பது இதுதான்: குளிர் வராத வருஷத்தில் நாள்காட்டியை நம்புவதா, செடியை நம்புவதா? செடியை நம்புங்கள். ஆனால் எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் ஒரே பதில் கிடையாது. மாமியார் முறையில் உள்ள ஒரே குறை அதுதான், மற்றபடி அவர் தேர்ந்தெடுத்த வாரம் மோசமில்லை. தோட்டக்கலை படித்துவிட்டு, தஞ்சை மாவட்டப் பாபநாசம் அருகே ஒரு சிறிய நர்சரியை இருபத்தேழு வருஷமாக நடத்திவருகிறேன். படித்ததில் பாதியை இந்தக் களிமண் திருத்தியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த யூடியூப் பனியை ஒதுக்கிவிடலாம். நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் மார்கழிக் காலையில் கோலத்தின் மேல் இறங்கும் ஈரத்தையும் குறிக்கும், குளிர்நாடுகளில் செடியின் சாற்றையே கட்டியாக்கும் உறைபனியையும் குறிக்கும். அந்த வீடியோக்காரர்கள் பயப்படுவது இரண்டாவதற்கு. அவர்கள் ஊரில் குளிர்காலம் மிதமாகப் போனால் செடி ஏமாந்து சீக்கிரம் துளிர்விடும். அந்த நேரத்தில் வெட்டினால் இன்னும் வேகமாகத் துளிர்க்கும். பிறகு ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் இளந்துளிர் அத்தனையும் வெந்ததுபோல் கருகிவிடும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஊட்டியில் ரோஜா வைத்திருப்பவருக்கும் அந்த அறிவுரை பொருந்தும். டெல்டாவில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டி நிற்கும், குளிராத வருஷத்தில் அதற்கும் இரண்டு மூன்று டிகிரி மேலே. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அந்தப் பனி எந்தத் துளிரையும் கருக்கியதில்லை. ஆக, பனிக்காகக் காத்திருக்க நமக்குக் காரணம் இல்லை.

நமக்குக் கடிகாரம் மழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பிறகும் நம் வண்டல் களிமண் லேசில் ஈரத்தை விடாது. பக்கத்து வயலில் சம்பா நிற்கும் வீடுகளில் கொல்லைத் தரை தை மாதம் வரைக்கும் சொதசொதவென்றுதான் இருக்கும். இலை நிறைய இருக்கும் செடி வேர் வழியாக நீரை இழுத்துக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் வேரைச் சுற்றி மண் கொஞ்சமாவது மூச்சுவிடும். இலையை மொத்தமாக வெட்டிவிட்டால் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. மண்ணில் நீர் அப்படியே தேங்கி, வேர் அழுக ஆரம்பிக்கிறது. நர்சரி தொடங்கிய இரண்டாம் வருஷம் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் கார்த்திகையில் வெட்டு என்று இருக்கிறதே என்று, நான்கு நாள் அடைமழை விட்ட மறுநாள் காலையில் தாய்ச்செடியாக வைத்திருந்த மல்லிகை நாற்பதையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். அடுத்த வாரம் திரும்பவும் மழை. தை முடிவதற்குள் பதினோரு செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர்ப்பட்டை கையோடு உருவிக்கொண்டு வந்தது, குளத்துச் சேற்று நாற்றம்.

அதனால் கத்தியை எடுக்கும் முன் மண்ணைப் பாருங்கள். செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுங்கள். கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்துவிட்டுக் கட்டைவிரலால் நடுவில் குத்துங்கள். விரல் புதைந்து, குழியின் ஓரம் பளபளவென்று மின்னினால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். உருண்டை இரண்டு மூன்று துண்டாகப் பிளந்தால் வெட்டலாம். மன்னார்குடியைத் தாண்டித் தெற்கே, மணல் கலந்த நிலம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே மழை நின்று ஐந்தாறு நாளில் மண் தயாராகிவிடும்.

சரி, குளிர் வராததால் என்னதான் மாறுகிறது? மல்லிகை போன்ற செடிகள் வழக்கமாக மார்கழியில் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, இலையில் செய்த உணவைத் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கும். மார்கழியில் மல்லிகைப்பூ விலை எகிறுவது இந்த ஓய்வினால்தான். அப்படித் தூங்கும்போது வெட்டினால் செடிக்கு நஷ்டம் குறைவு, சேமிப்பு பத்திரமாக இருக்கிறது. வெப்பம் குறையாத வருஷத்தில் செடி சரியாகத் தூங்குவதில்லை. சேமித்ததை எடுத்து நுனிகளில் துளிராகவும் இரண்டொரு மொட்டாகவும் செலவழித்துவிடுகிறது. அந்த நுனிகளை இப்போது வெட்டி எறிந்தால் செலவழித்ததும் போய்விடும், அடுத்த துளிருக்கு இருப்பும் குறைவு. அதற்காக வெட்டாமலே விட்டாலும் சிக்கல்தான். நுனி மொட்டு இருக்கும்வரை அது கீழேயுள்ள கணுக்களை அடக்கிவைக்கும். செடி உயரமாக, மெலிந்து, உச்சியில் மட்டும் நாலு பூவோடு நிற்கும். ஆகவே வெட்டத்தான் வேண்டும், எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் கணக்கு.

மல்லிகைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். அந்தத் தேதிக்கு நம் டெல்டாவில் பெரும்பாலும் வானம் கொட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இங்கே வீட்டுத் தோட்டக்காரர்கள் பொங்கலுக்குப் பின் வெட்டும் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இப்போது உங்கள் செடி துளிர்த்துவிட்டது. இந்த நிலையில் 50 செ.மீ. உயரத்துக்கு இறக்காதீர்கள். போன வருஷத்துக் கிளைகளில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, தரையில் படிந்து வேர்விட முயல்பவை, இவற்றை அடியோடு எடுத்துவிடலாம். மல்லிகை புதுத்துளிரில்தான் பூக்கும். இப்போது போகும் மொட்டு பத்து இருபது என்றால், அடுத்து வரும் பக்கத்துளிர்களில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். மனசு கேட்கவில்லை என்றால் நான் வீட்டில் செய்வதைச் செய்யுங்கள். நான்கு செடி இருந்தால் இரண்டை இந்த வாரம் வெட்டுங்கள், இரண்டை மொட்டு உதிர்ந்த பிறகு மாசி நடுவில் வெட்டுங்கள். பூ ஒரேயடியாக வந்து ஒரேயடியாக ஓயாமல், முன்னும் பின்னுமாகத் தொடர்ந்து வரும். வியாபாரத்துக்கு ஒத்துவராத முறை, தலைக்கும் சாமிக்கும் கிள்ளுகிற வீட்டுக்கு இதுதான் வசதி. ஆழமான கவாத்து இரண்டு மூன்று வருஷமாகச் செய்யவில்லை என்றால் அதை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். வரும் கார்த்திகையிலோ மார்கழியிலோ, எப்போது மழை நாலு நாள் இடைவெளி விட்டு மண் பிளக்கிறதோ, அப்போது 50 செ.மீ. உயரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம்.

முல்லை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதற்கு இதுதான் சரியான சமயம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் முல்லை போடுகிறவர்களும் மழை முடிந்த பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். பந்தலில் ஏறிய முல்லையை 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் நிழல் போய்விடும் என்று வீட்டில் சண்டை வரும். அப்போது பழைய, விரல் பருமனுள்ள கொடிகளில் பாதியை மட்டும் அடியில் எடுத்துவிட்டு மீதியை அடுத்த வருஷத்துக்கு வைக்கலாம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம் என்று சொல்வார்கள், மூன்று வாரம் தள்ளிப்போனதால் ஒன்றும் கெட்டுவிடாது.

ரோஜாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தக் கறுத்த குச்சிதான். அது குளிரினால் வந்ததும் இல்லை, குளிராததால் வந்ததும் இல்லை. மழைக்காலத்தில் வெட்டுக்காயம், முறிந்த காம்பு, வாடிய பூவின் அடி என்று எங்கே திறப்பு கிடைத்தாலும் பூஞ்சாணம் உள்ளே போய், நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக்கொண்டே இறங்கும். நுனிக்கருகல் என்போம். இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்கத் தேவையில்லை, மழை இல்லாத எந்தக் காலையிலும் உடனே வெட்ட வேண்டியது. கறுப்பு முடியும் இடத்தில் வெட்டினால் போதாது. கறுப்புக்குக் கீழே இரண்டங்குலம் இறங்கி வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுத்தக்கை வெள்ளரிக்காய்போல் வெளிறி ஈரமாக இருந்தால் நல்லது. தேநீர்க் கறைபோல் பழுப்பு வட்டம் தெரிந்தால் நோய் உள்ளே ஓடியிருக்கிறது, அடுத்த கணுவுக்கு இறங்குங்கள். வெள்ளை தெரியும்வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும், சில சமயம் அடிவரைக்கும் போகும். ஒவ்வொரு குச்சிக்கும் கத்தரியை டெட்டால் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே நோயை அடுத்த குச்சிக்குக் கொண்டுபோவீர்கள். வெட்டுமுகத்தில் பூஞ்சாணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, இரும்புப் பாத்திரம் கூடாது. இரண்டு செடிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பூசினாலும் போதும்.

நல்ல குச்சிகளைப் பொறுத்தவரை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, நீர் வழியும்படி சாய்வாக வெட்டுங்கள். எந்தக் கணு உயிரோடிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சமவெளியில் ரோஜாவை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பாதி உயரத்துக்கு வெட்டுவதுதான் முறை. இப்போது தை ஆகிவிட்டது, வெட்டிய ஆறு ஏழு வாரத்தில் பூ வரும் என்று கணக்குப் போட்டால் பங்குனித் தொடக்கம். அந்த வெயிலில் பூ சின்னதாகத்தான் இருக்கும். ஆகவே இந்த முறை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் மாசி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள். ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழேயிருந்து முள் மண்டிக் கிளம்பும் காட்டுத்துளிரை வெட்டாமல் அடியோடு பிய்த்தெடுங்கள். அது செழிப்பாக வளர்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கடைசியில் நல்ல ரோஜாவைத் தொலைத்தவர்கள் என் நர்சரிக்கு மாதம் ஒருவர் வருகிறார்கள்.

மற்றவை வேகமாக. டிசம்பர்ப்பூ பூத்து முடிந்திருந்தால் இப்போதே பாதிக்கு இறக்கலாம், விட்டால் விதை வெடித்துக் கொல்லை முழுக்க முளைக்கும். பவழமல்லியும் பூத்து ஓய்ந்திருக்கும், வெட்டலாம். காகிதப்பூவைத் தொடாதீர்கள், மண் காயக் காய அது நிறம் கட்டும், இனிமேல்தான் அதற்கு நல்ல காலம். முருங்கை இப்போது பூவெடுக்கும், வெட்டினால் கோடைக்காய் இருக்காது, காய் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இட்லிப்பூவுக்குக் கொத்து ஓய்ந்த நுனிகளை மட்டும் கிள்ளினால் போதும். கறிவேப்பிலைக்கு உச்சியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வரும். செம்பருத்தி எப்போது வெட்டினாலும் துளிர்க்கிற செடி, ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி இருந்தால் வெட்டிய கிளையை வேலியோரம் போடாமல் எரித்துவிடுங்கள். அப்புறம் மாமரம். நம் செடிகளில் குளிர் இல்லாததால் உண்மையாகவே பாதிக்கப்படுவது அதுதான். இரவு குளிர்ந்தால்தான் மாவுக்குப் பூவெடுக்கும் தூண்டுதல் கிடைக்கும், இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் செம்பழுப்புத் தளிராக விட்டுவிடும். இந்த வருஷம் உங்கள் மரம் அப்படி நின்றால் கத்தியால் திருத்த முடியாது, அதை விட்டுவிடுங்கள். மாவை வெட்டுவது காய் இறக்கிய பிறகுதான்.

வெட்டிய பின் ஒரு வாரம் அதிகம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இலை இல்லாத செடிக்குக் குடிக்க வழியில்லை என்பதை மேலேயே சொன்னேன். கணு பருத்து, அரிசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப்பார்க்கும்போது, செடிக்கு ஒரு கூடை மக்கிய தொழுவுரம். வயசான மல்லிகைக்குப் பத்துக் கிலோ வரை போகலாம். அடித்தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கொத்திப் போட்டுவிட்டு, பிறகு நீர் விடுங்கள். பச்சைச் சாணி மட்டும் வேண்டாம், சூட்டில் வேர் வெந்துவிடும். குளிராத வருஷத்தில் இன்னொரு தொல்லை, செஞ்சிலந்தியும் இலைப்பேனும் மாசியிலேயே கிளம்பிவிடும். இளந்துளிரின் அடிப்பக்கம் மங்கிப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். வீட்டுச் செடிக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது, தேவைப்பட்டால் வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு.

இவ்வளவு சொன்னதில் எதை அப்படியே நம்பலாம், எதில் என் கை அனுபவம் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறைபனி நமக்கில்லை, மல்லிகையும் ரோஜாவும் புதுத்துளிரில் பூக்கும், சேற்றில் நிற்கும் செடியை மொட்டையடிக்கக் கூடாது, நுனிக்கருகலை வெள்ளைத் தக்கை தெரியும்வரை வெட்ட வேண்டும்: இவற்றில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு என் பழக்கம். என்னைவிட அனுபவமுள்ள ஒருவர் துளிர்த்த மல்லிகையையும் தயங்காமல் பாதிக்கு இறக்குவார், அவர் செடியும் பூக்கத்தான் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக. மண்ணுருண்டைச் சோதனையும் நானே பழகிக்கொண்டது, உங்கள் மண்ணுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக இருக்கலாம். தேய்பிறையில்தான் வெட்ட வேண்டுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வளர்பிறையில் வெட்டியதற்கும் தேய்பிறையில் வெட்டியதற்கும் என் தோட்டத்தில் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. ஆனால் மாமியார் மனசு அதில் சமாதானமாகும் என்றால் தேய்பிறைக்கே தள்ளிவையுங்கள், மல்லிகை ஒரு வாரம் பொறுக்கும்.

ரோஜா பொறுக்காது. அதை நாளைக் காலையே வெட்டிவிடுங்கள். ஒட்டு வரைக்கும் இறங்கியும் பழுப்பு வட்டம் மறையவில்லை என்றால் வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், செடியை வைத்திருப்பதா எடுப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.